சிக்ஸ் என்றுதான் சொன்னேன்

பிளைவுட் வாங்க வருகிறவர்கள் மேல்பக்கத்து வழவழப்பைத்தான் தடவிப் பார்ப்பார்கள், ஐயா. நான் ஓரத்தைப் பார்ப்பேன். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் ஓரம் காட்டிக் கொடுத்துவிடும். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதே வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிற எங்கள் பட்டறையில் பூஜையறைக் கதவு, மண்டப மேடைக்குப் பின்னால் நிற்கிற பூவேலைத் தட்டி எல்லாம் பிளைவுட்டில் வெட்டுகிறோம். ரூட்டர் மெஷின் சும்மா சுற்றத்தான் செய்யும். அதன் நுனியில் மாட்டுகிற பிட்தான் வெட்டும். எந்த வேலைக்கு எந்த பிட் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பிட் வைக்கிற டிராயர்களின் சாவியும் என்னிடம்தான்.

சன்னமான கொடி, இலை நரம்பு என்றால் மூன்று எம்எம் பிட். அதை ஒரேயடியாக அழுத்தினால் முறிந்துவிடும், நாலு தடவையாக இறக்க வேண்டும். கூர்மூலைக்கு வி பிட். அப்கட் என்று ஒன்று இருக்கிறது, தூளை மேலே வாரிப் போடும். ஆழமாக வெட்ட நல்லது, ஆனால் பலகையின் மேல்தோலைப் பிய்த்துவிடும். டவுன்கட் தோலை அமுக்கிக்கொண்டே வெட்டும். நான் பிட்டின் காம்பை, அதாவது மெஷினுக்குள் செருகுகிற பகுதியை, அளந்து, காகிதத் துண்டு ஒன்றைச் சுற்றி, அதில் ‘நா’ என்று எழுதிக் கொடுப்பேன். நாகமுத்து என்பதற்கு நா. அந்தக் காகிதம் சுற்றியிருந்தால் பட்டறையில் யாரும் திரும்ப அளக்க மாட்டார்கள். அதில் எனக்குப் பெருமை. இப்போது சொல்லும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை நினைத்தால் கூசுகிறது.

ஷைனி எங்களிடம் பாலிஷ் போட வந்த பெண். மூன்றே வருடத்தில் கை ரூட்டரைப் பிடித்து வெட்டக் கற்றுக்கொண்டாள். சத்தத்தைக் கேட்டே பிட் மழுங்கிவிட்டது என்பாள், சரியாக இருக்கும். தங்கமான பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

திருப்பாச்சூர் பக்கம் ஒரு மண்டபத்துக்கு மயில் தட்டி கேட்டிருந்தார்கள். நான் அப்கட் எடுத்துக் கொடுத்தேன். தோகை முழுக்க மேல்தோல் பிய்ந்து பஞ்சாக நின்றது. ஷைனி என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

“ண்ணா, இதுக்கு டவுன்கட் போட்டிருந்தா பிஞ்சிருக்காது. இல்லாங்காட்டி பலகைய திருப்பிப் போட்டு பின்னாலேர்ந்து வெட்டிக்கலாம்.”

முதலாளி கணேசன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். “இன்னா நாகமுத்து, கண்ணு மங்கிப்போச்சா? திங்கக்கெழமலேர்ந்து டிராயர் சாவிய ஷைனிகிட்ட குட்துடு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷைனி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். கடையில் விற்கிற பிட்களில் காம்பு இரண்டு அளவில் வரும். ஒன்று ஆறு எம்எம், இன்னொன்று கால் இஞ்ச். கால் இஞ்ச் என்பது ஆறு எம்எம்முக்கு நாலைந்து தலைமுடி அளவு கூடுதல். பட்டறையில் வாய்ப்பேச்சில் இரண்டையும் ‘சிக்ஸ்’ என்றே சொல்வோம். ஷைனி பிடிக்கிற பழைய மெஷினில் கால் இஞ்ச் காம்புதான் மாட்ட வேண்டும். ஆறு எம்எம் காம்பை மாட்டினாலும், பிட்டைப் பிடிக்கிற நட்டை முறுக்கினால் கவ்விக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடு ஏறியதும் நழுவும். இது எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டையும் தனித்தனி டிராயரில் வைத்திருந்தேன்.

அதே வாரம் சனிக்கிழமை. புதிய பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமிருந்து வெட்ட அப்கட் கேட்டு வந்தாள். நான் ஆறு எம்எம் டிராயரைத் திறந்தேன். எடுத்து, காகிதம் சுற்றி, ‘நா’ போட்டேன்.

“இன்னா சைஸு ணா?”

“சிக்ஸ்.”

அது பொய் இல்லை. அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். பிட் நழுவும், பலகையில் ஆழமாக இறங்கும், வேலை கெடும், முதலாளி பார்ப்பார். சாவி என்னிடமே இருக்கும். நான் நினைத்தது இவ்வளவுதான் என்று இரண்டு மாதமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். பிட் நழுவியது. நழுவிய வேகத்தில் முறிந்து, ஒரு துண்டு அவள் வலது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் போனேன். அவள் அம்மா மேரி கடைக்குப் போகும்போது கஞ்சியை நான்தான் ஊட்டினேன். மூன்றாம் நாள் கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி அவள் கேட்டாள்.

“நட்ட நான் சரியா முறுக்கலயா ணா? அதயே யோசிச்சிக்கினு கீறேன்.”

“கொஞ்சம் லூசா இருந்திருக்கும்மா. மனசுல வெச்சிக்காத” என்றேன்.

அழுதாள். எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரிகள் நட்டு லூஸ், பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை, இரண்டும் அவள் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். முறிந்த பிட்டை யாரும் அளக்கவில்லை. காகிதத்தில் என் எழுத்து இருந்ததே.

போன வாரம் வேலைக்குத் திரும்பினாள். சாவி இன்னும் என்னிடம்தான். நேற்று அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே நட்டை முறுக்கினாள், கழற்றினாள், மறுபடி முறுக்கினாள். ஏழு தடவை. கடைசியில் மெஷினை ஆன் செய்யாமலே கீழே வைத்துவிட்டு, “என்னால முடியல ணா” என்றாள். தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டதாக அவள் சாகும்வரை நம்புவாள். அது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வேலை கெட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, அதை அடித்துவிடுங்கள், ஐயா. அவள் ஒரு நாளும் கண்ணாடி இல்லாமல் மெஷினைத் தொட்டவள் இல்லை. அன்று பிட்டைக் கொடுத்த கையோடு, என்னுடையது உடைந்துவிட்டது, உன்னுடையதைக் கொஞ்சம் கொடும்மா என்று நான்தான் கேட்டு வாங்கினேன். அவள் மறு பேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். விசாரணையிலும் அதை அவள் சொல்லவில்லை. என்னுடையது உடையவில்லை. என் சட்டைப் பையில்தான் இருந்தது.