கைதட்டக் கூடாதாம்!

…கைதட்டினது குற்றமாம் தங்கச்சி! கேட்டியளே கதையை? களவெடுத்தனானோ, ஆரையும் ஏசினனானோ? கைதட்டினனான். பாட்டுக்காரனுக்குக் கைதட்டாம பேந்து கன்னத்திலயே தட்டுறது?

இதில இருக்கலாம்தானே? இருந்திட்டன். இந்தக் கிற்றார் பெட்டி கொஞ்சம் இடைஞ்சல், காலை அங்கால வையுங்கோ… ஆ, சரி. நீங்கள் ஃபோனில தமிழ் கதைச்சது கேட்டுத்தான் வந்தனான். இந்தியாவோ? என்ர தமிழ் விளங்காட்டிச் சொல்லுங்கோ, ஆறுதலாக் கதைக்கிறன். பேர்? சுகன்யாதேவி. நல்ல பேர். நான் விஜயரத்தினம். டோர்ட்மண்டில முப்பத்தாறு வருசம், பாண், உங்கட பிரெட், செய்யிற பக்ரறியில நிண்டு இப்ப பென்சன். நீங்கள் எங்க, டோர்ட்மண்டுக்கோ? இது வுப்பெர்ட்டால் ரெயினெல்லோ, அங்க இறங்கித் திரும்பிப் போகோணும். நான் அங்கதான் இறங்கிறன், காட்டிவிடுறன், பயப்பிடாதேங்கோ. என்ன, வாயைத் திறக்கிறியள்? பொறுங்கோ, இதை முடிக்கிறன்.

பின்பக்கத்தில இருந்தனான். கூட வந்தவனோட கோவம். பீலஃபெல்டில ரெயின் நிண்ட உடன இறங்கி, விறுவிறெண்டு நடந்து, முன்பக்கத்தில வந்து ஏறிட்டன். காலமை ஹனோவரில “பின்பக்கம் ஏறு, பின்பக்கம் ஏறு” எண்டு நாலு தரம் சொன்னவன். எனக்கு ரெயின் ஏறச் சொல்லித் தாறானாம்! நாங்கள் எப்பவும் என்ர வான் வண்டியில போறனாங்கள், அது பழுதாகிக் கராஜில நிக்குது, அதால வந்த வினை.

ஆரெண்டோ? மன்பிரெட். ஜெர்மன்காரன். எழுபத்தெட்டு வயசு. கூரை வேயிற வேலை செய்து முழங்கால் ரெண்டும் பழுதாப் போட்டுது. புளூஸ் எண்டொரு பாட்டு இருக்கெல்லோ, அது பாடுறவன். தனியாள் தங்கச்சி, தனியாள்! மேளம் இல்லை, கீபோட் இல்லை, பக்கத்தில நிண்டு ஆட ஒருத்தரும் இல்லை. ஒரு கதிரை, ஒரு கிற்றார், காலால அடிக்க ஒரு பலகைத் துண்டு. அந்தப் பலகையையும் நான்தான் தூக்கிறது. இண்டைக்கு மட்டும் அவனிட்டயே விட்டிட்டு வந்தனான். தூக்கட்டும்!

பாட்டைச் சொல்லுறன் கேளுங்கோ. முதல் வரி பாடுவான். சரி. பேந்தும் அதே வரியைப் பாடுவான்! எங்களுக்குக் காது கேக்காதெண்டு நினைப்போ தெரியாது. மூண்டாவதாத்தான் புதுசா ஏதும் வரும். அதுவும் என்ன? மனுசி விட்டிட்டுப் போட்டாளாம், ரெயின் போட்டுதாம், மழையாம். மனுசி எங்க போனவ? தோட்டத்தில தக்காளிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறா! நாப்பத்தொன்பது வருசமா அதே மனுசி!

குரலோ, அடிப்பிடிச்ச சட்டி சுரண்டுற மாதிரி. என்ர மனுசி கனகவல்லி ஒருநாள் வந்து கேட்டிட்டு, “உந்த மனிசனுக்கு ஒருத்தரும் மல்லித்தண்ணி அவிச்சுக் குடுக்கிறேல்லையோ” எண்டவள். பேந்து பாத்தா, கோப்பை கழுவேக்க அதே பாட்டை முணுமுணுக்கிறாள்! கேட்டா இல்லையாம்.

நேற்று ஹனோவரில இருபத்தாறு பேர். எல்லாம் நரைச்ச தலையள். இவன் ஒரு பாட்டு முடிச்சு, ஒரு மிடறு தண்ணி குடிச்சு, நிமிந்து பாத்துச் சிரிப்பான். அவ்வளவுதான். எழுபது வயசுப் பொம்பிளையளுக்கு முகம் சிவக்குது! ஆம்பிளையள் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கினம். சிரிக்கிற பல்லும் கட்டின பல்லு. அதில என்ன கண்டினமோ, எனக்கு விளங்கேல்லை. பதினாறு வருசமா விளங்கேல்லை எண்டுதான் சொல்லுறன். ஒரு கச்சேரி விட்டதில்லை, அது வேற கதை.

எப்பிடிப் பிடிபட்டனானெண்டோ? ரெண்டாயிரத்தி ஒன்பது, மே மாசம். அப்ப எங்கட பக்கம் என்ன நடந்ததெண்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். என்ர தமையன் குடும்பம் சண்டைக்குள்ள. ஃபோன் போகாது. வேலை முடிஞ்சா வீட்டை போக மனமில்லை, போனா எல்லாரும் என்ர முகத்தைப் பாப்பினம். சும்மா சந்தைப் பக்கம் நடக்கிறன், இவன் ஒரு கடை வாசலில இருந்து பாடுறான். இங்கிலீஸ் பாட்டு. ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா அந்த வரியை ரெண்டாந்தரம் பாடினானே… எனக்கு அழுகை வந்திட்டுது தங்கச்சி. நடு றோட்டில நிண்டு அழுதனான். அவன் ஒண்டும் கேக்கேல்லை. பாட்டு முடிய இந்தப் பெட்டியை நீட்டி, “இதைப் பிடி, கார் அங்கால நிக்குது” எண்டான். அண்டைக்குத் தூக்கினது. இண்டைக்கும் தூக்கிறன்.

தமையனோ? இல்லை… ஒருத்தரும் வரேல்லை. சரி, அதை விடுங்கோ.

இண்டைக்கு வுப்பெர்ட்டாலில அஞ்சு மணிக்குக் கச்சேரி. றெக்கோட் பண்ணுறாங்கள்! அவன்ர சீவியத்தில முதல் தரம், இசைத்தட்டுப் போடப் போறாங்கள். விரல் மடங்குதில்லை, வாற வருசம் வாசிப்பனோ தெரியாதெண்டு அவனே சொல்லுறான். இண்டைக்கு விட்டா இல்லை. அப்பிடிப்பட்ட நாளில, காலமை கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, “ரத்னம், இண்டைக்கு ஒருநாள் கைதட்டாத” எண்டுறான். ஏனெண்டு கேட்டா, நான் பிழையாத் தட்டுறனாம்! ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு போகேக்க ரெண்டிலயும் நாலிலயும் தட்டோணுமாம், நான் ஒண்டிலயும் மூண்டிலயும் தட்டுறனாம். றெக்கோட்டில விழுந்தா எப்பவும் நிக்குமாம். நிக்கட்டுமன்! என்ர கைதட்டும் அதில நிக்கட்டுமன்! பதினாறு வருசம் பெட்டி தூக்கினவனுக்கு அது பெரிய காரியமோ?

ஆ, ஹாம் வந்திட்டுது. ஒரு நிமிசம் தங்கச்சி, எழும்பிறன். இந்த ஊரிலதானே எங்கட அம்மாள் கோயில் கொண்டிருக்கிறா. பெரிய கோபுரம், நீங்கள் ஒருக்காலும் போகேல்லையோ? செருப்பைக் கழட்டிறன், குறை நினையாதேங்கோ… அம்மாளாச்சி, தாயே… என்ன தங்கச்சி, கும்பிடேக்க சட்டையைப் பிடிச்சு இழுக்கிறியள்? அறிவிப்புத்தானே, அது உப்பிடித்தான் கத்திக்கொண்டிருக்கும். தாயே, அந்த விசரன்ர விரலை இண்டைக்கு ஒரு ரெண்டு மணித்தியாலம் மடக்கி விடு, பேந்து உன்ர விருப்பம்… அது என்ன குலுக்கு? எஞ்சின் மாத்திறாங்களாக்கும். சரி, வெளிக்கிட்டிட்டுது.

எங்க விட்டனான்? ஓம், கைதட்டு… என்ன, மேல காட்டுறியள்? என்ன எழுதிக் கிடக்கு, கண்ணாடியைப் போடுறன்… டோர்ட்மண்ட்… எஸ்ஸன்… டுசல்டோர்ஃப்… வுப்பெர்ட்டால் எங்க? காணேல்லை! என்ன? பிரிஞ்சிட்டுதோ? ரெயின் ரெண்டாப் பிரிஞ்சிட்டுதோ! பின்பக்கம் வுப்பெர்ட்டாலுக்கு, முன்பக்கம் டோர்ட்மண்டுக்கோ! அப்ப அவன் நாலு தரம் சொன்னது அதுக்கோ! ஐயோ, பலகை அவனிட்ட, கிற்றார் என்னட்ட! நீங்கள் ஏன் பிள்ளை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

சொன்னனீங்களோ… எத்தினை தரம்? நாலு தரமோ.

ஃபோன் அடிக்குது. அவன்தான். என்ன முகத்தோட எடுக்கிறது… ஹலோ, மன்பிரெட்? யா. யா, என்னட்டத்தான். யா, முன்பக்கம். நைன், இல்லை, அழேல்லை… சிரிக்கிறான் தங்கச்சி! கிற்றாரை விட்டிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான்! வழியில ஹாகனில இறங்கி நிப்பானாம், நான் டோர்ட்மண்டில இறங்கி அடுத்த ரெயின் பிடிச்சு வரட்டாம், நேரம் கிடக்காம். பொறுங்கோ, என்னமோ செய்யிறான். ஸ்பீக்கரில போடுறன்… பலகையைக் கீழ போட்டுக் காலால அடிக்கிறான், கேக்குதோ? ரெயினுக்குள்ள! பாடுறான் பாருங்கோ, பாடுறான்! முதல் வரி… இந்தா, அதே வரி… ஆரது பக்கத்தில கைதட்டுறது? என்ன தட்டு இது! பாட்டு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது, காதில குத்துது! ஆரெண்டாலும் அந்தக் கையைப் பிடிச்சு நிப்பாட்டு மன்பிரெட்!

…அவன்தான் தட்டுறானாம். நான் தட்டுறமாதிரித் தட்டிக் காட்டுறானாம்.

நான் உப்பிடியோ தட்டினனான்? பதினாறு வருசமோ? மனிசன் இதைக் கேட்டுக்கொண்டோ இவ்வளவு நாளும் பாடினவன்? ஒரு சொல்லுச் சொல்லாமலோ? சிரிக்காதேங்கோ தங்கச்சி… சரி, சிரியுங்கோ.

டோர்ட்மண்ட் வந்திட்டுது, இறங்குவம். ஹாகன் ரெயின் எந்த மேடையில எண்டு ஒருக்காப் பாருங்கோவன், எனக்குக் கண் கலங்கிக் கிடக்கு… தங்கச்சி? சுகன்யாதேவி? அடடா, ஓடிட்டா. படியில ரெண்டு ரெண்டாப் பாயிறா. பாவம், அவவுக்கும் காது நொந்திருக்கும்.

மன்பிரெட்? லைனில நிக்கிறியோ? உனக்குத் தமிழ் விளங்காது. பரவாயில்லை, உன்ர பாட்டு எனக்கு விளங்கியோ கேட்டனான்? கேள். நான் வாறன் மன்பிரெட்… நான் வாறன் மன்பிரெட்… நீ கிற்றாரை எடுத்துப் பாடு, நான் முன்வரிசையில இருந்து இந்த வெறும் பெட்டியை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்.