‘இந்த வழி எடுக்கப்படும்’

உத்திரமேரூருக்குப் போகும் சாயங்கால டவுன் பஸ். டிரைவருக்குப் பின்சீட்டில் லேப்டாப் பையோடு ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய அண்ணன். அவர்களுக்குப் பின்னால் நான்.

“கம்ப்யூட்டருக்குள்ள கீற கம்ப்யூட்டருக்கு வழிய மூடிட்டேன்னு, எங்க சாஃப்ட்வேர யூஸ் பண்றவங்க காலைலேர்ந்து ஒரே திட்டுண்ணா” என்றாள். அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“இன்னா வழி?”

“உள்ள ஓடுற கம்ப்யூட்டருக்கு வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. அது நெட்டுக்குப் போக ஒரு பழைய செட்டிங் இருந்திச்சு. புதுசு குடுத்துட்டு அத்த எடுத்துட்டோம்.”

“சொல்லாம எடுத்தா திட்டமாட்டானா?”

“சொல்லாமலா? ஒரு வர்ஷமா, அத்த தொறக்கும்போதெல்லாம் மஞ்சக் கலர்ல வருது, ‘இந்த வழி எடுக்கப்படும், மாத்திக்கங்க’ன்னு. ஒருத்தனும் படிக்கல. இப்ப, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் திருப்பிக் குடுன்னு கெஞ்சிக்கினு கீறாங்க. பேஜாரு. முடியவே முடியாதுன்னுட்டேன்.”

திருப்புலிவனத்துக்கு வெளியே, மெயின் ரோட்டிலேயே பஸ் நின்றது.

“ஊருக்குள்ள போறவங்கல்லாம் எறங்குங்க” என்றார் கண்டக்டர். “இன்னிலேர்ந்து வண்டி உள்ள போகாது.”

“தெனம் இதே சீட்லதான வரேன், யாருமே சொல்லலியே!” என்றாள் அவள்.

டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் அவளுடைய சாப்பாட்டுப் பை தொங்கியது. கண்டக்டர் அதைக் கொஞ்சம் நகர்த்தினார். பின்னால் ஒரு மஞ்சள் தாள்.

“ஒரு மாசமா ஒட்டிகீதும்மா.”

“சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உள்ள போங்க சார்.”

கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

“நீ குடுத்தியா? நட.”