ரிப்போர்ட்டில் இல்லாத வலி

வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அறுபதை ஒட்டிய கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாளை அவர் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரிப்போர்ட்ல ஒனக்கு வலியே இல்லையே" என்றார்.

"அது வைட்டமின் டி பாத்த காயிதம்ங்க. அதுல முட்டுவலி எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா மாத்திரை சாப்புட்ட. இப்பச் சரியா இருக்குன்னு போட்டிருக்கு. இன்னமும் பூப்பறிக்க வரமாட்டேங்கிற."

"சத்து கூடிருச்சு, ஆனா தேஞ்ச முட்டு அதுல சரியாகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல. காலுக்குப் பயிற்சி செஞ்சாத்தான் வலி கொறையுமாம்."

"எனக்கென்னமோ நீ சாக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கு."



செம்பட்டியில் கணவர் முதலில் இறங்கித் திரும்பிப் பார்த்தார். மனைவி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று இறங்கினார். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார்.

"எப்பருந்து இப்படி எறங்குற?" என்றார் கணவர்.

"ரெண்டு வருசமாச்சு. நீங்கதான் எறங்குனதும் விறுவிறுன்னு முன்னாடி போயிருவீங்களே."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.