பூக் கேட்டு முடிவான கூலி

— அப்படின்னா ஆர்டர் நமக்கு இல்லீங்களா, யோகேசு தம்பி? நேராச் சொல்லுங்க. மென்னு முழுங்காதீங்க.

— இல்லைன்னு சொல்லல பூவாத்தாக்கா. ஹோல்டுல இருக்குது. பாயிண்ட் என்னன்னா, பையர் இன்னும் கன்பார்ம் பண்ணலை.

— நேத்து நமக்குத்தான்னு சொன்னீங்க. துண்டுக்கு ஓரம் தைக்கற அத்தனை பொம்பளைங்களும் அதை நம்பித்தான் இன்னிக்கு வெள்ளனே வந்து மிசினுக்கு எண்ணெய் போட்டு உக்காந்திருக்கறாளுக. நான் போயி என்னன்னு சொல்லட்டும்?

— அதுக்குத்தான் உங்களை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டேன். உக்காருங்க. டீ சொல்லட்டா?

— டீ கெடக்குது. கூலியத்தான் கொறைச்சுக்கறோம்னு ஒத்துக்கிட்டமே. அதுக்கு மேல அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன வேணுமாம்?

— அவனுக்கு வேற வழி கெடைச்சிருச்சுக்கா. அமெரிக்காவுல நம்ம நாட்டுச் சரக்குக்கு வரியை ஏத்தி வெச்சுட்டாங்க. பங்களாதேஷ் துண்டுக்கு வரி கம்மி. அங்க வாங்கினா அவனுக்கு மிச்சம்.

— அவுங்க ஊரு போட்ட வரிய அவுங்கல்ல கட்டோணும்? குமாரபாளையத்துல துண்டு தைக்கறவ கூலியில ஏனுங்க புடிக்கறாங்க?

— நியாயமான கேள்விதான். ஆனா அவங்க ஊர்லயும் ஒரு காலத்துல நம்மளாட்டம் மில்லு இருந்துச்சாம். இங்க கூலி கம்மின்னு வேலையெல்லாம் இந்தப் பக்கம் வந்திருச்சு. அவங்க ஆளுங்க சும்மா உக்காந்துட்டாங்க. அவங்களைக் காப்பாத்தறதுக்குன்னு சொல்லித்தான் இந்த வரி.

— அப்ப அவளுக வாயில மண்ணப் போட்டது நாங்கதானா? எனக்கு இது தெரியாதே சாமி.

— நீங்க என்னக்கா பண்ணுவீங்க.

— செரி, அந்தப் பொம்பளைங்களுக்கு இப்பவாச்சும் வேலை திரும்பக் கெடைச்சுதுங்களா?

— எங்க கெடைச்சுது? அந்த மில்லுங்க மூடிக் கெடந்து எத்தனையோ காலமாச்சு. இங்கிருந்து கெளம்பற ஆர்டர் நேரா பங்களாதேஷுக்குத்தான் போகுது.

— நல்லா இருக்குது கூத்து. அவளுகளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. எங்காளுகளை நான் என்ன பாடுபட்டு ஒத்துக்க வெச்சேன்னு உங்களுக்கே தெரியும். எங்கூடத் தைக்கற நர்மதா காறித் துப்பாத குறை. இன்னிக்கு டஜனுக்கு ரெண்டு ரூவா உட்டம்னா நாளைக்கு இன்னும் ரெண்டு கேப்பாங்கன்னு சொன்னா. பாதிப் பேரு அவ பக்கம். அப்பறந்தான் ஆத்தாகிட்டப் பூக் கேப்பம்னு முடிவாச்சு. பூசாரி ரெண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாக் கட்டி ஆத்தா முன்னால வெப்பாரு, அதுல ஒண்ணை எடுக்கறது. வெள்ளைப் பூ வந்தா ஒத்துக்கறது, செவப்பு வந்தா முடியாதுன்னு சொல்லிர்றது.

— தெரியும்க்கா. நானும் கோயிலுக்கு வந்திருந்தேனே.

— பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சா வெள்ளரளி. நர்மதா கூட, ஆத்தாளே சொன்னதுக்கப்பறம் என்ன இருக்குதுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. கொறைஞ்ச கூலிக்குக் கட்டாதுன்னு மகளை இங்கிலீசுப் பள்ளிக்கோடத்துல இருந்து நிறுத்திட்டா, தெரியுங்களா? என்னை இன்னிக்கு வரைக்கும் குத்திக் காட்டலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

— அன்னிக்கு எடுத்த வீடியோதான்க்கா இப்பப் பிரச்சினை.

— நாங்க பூவோட நின்னமே, அதா?

— அதேதான். கொறைஞ்ச கூலிக்கு முழு மனசாத் தைக்கறோம்னு நீங்க முன்னால நின்னு சொன்னீங்கல்ல. பையருக்கு ஒரு நம்பிக்கை வரட்டும்னு அனுப்பினோம். அவன் அதை பங்களாதேஷ் கம்பெனிக்கு அனுப்பிட்டான்.

— அவுங்களுக்கு எதுக்கு?

— இந்தியாவுல இவ்வளவு எறங்கி வந்துட்டாங்க, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான். அங்க தைக்கறவங்களையெல்லாம் கூட்டி உங்களைப் போட்டுக் காட்டியிருக்காங்க. அவங்க நம்மளைவிடக் கீழ எறங்கிட்டாங்க. இப்ப அவங்க வீடியோ நமக்கு வந்திருக்குது. பாருங்க.

— கண்ணாடி கொண்டாரலை, கிட்டத்துல புடிங்க. அட, எல்லாம் சின்னஞ்சிறுசுக. இந்தப் புள்ளை வெரல்ல துணி சுத்தியிருக்குது. ஊசி ஏறியிருக்கும். என்ன சொல்லுது?

— பாஷை புரியலை. நீங்க சொன்னதையேதான் சொல்லும்.

— எம்மூஞ்சியப் பாத்துட்டுல்ல இது தன் கூலிய உட்ருக்குது. நிறுத்துங்க அதை தம்பி.

— இதையெல்லாம் யோசிச்சுட்டிருந்தா தொழில் நடக்காதுக்கா. பாயிண்ட் என்னன்னா, நாம இன்னொரு ரெண்டு ரூபா எறங்கணும். நாளைக்குள்ள சொல்லணும். இல்லைன்னா யூனிட்டை மூடிர்றேன்னு முதலாளி சொல்லிட்டார். மிசினுக்கெல்லாம் வெலை பேசியாச்சு.

— நெசமாவே மூடிருவாருங்களா?

— பொய் சொல்லலை.

— எனக்கு அம்பது ஆகப்போவுது. எங்கூட்டுக்காரரு தறியில கை போயி ஊட்டோட கெடக்கறாரு. சுத்துவட்டாரத்துல தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போவுது. இதை உட்டா என்னை எவன் வேலைக்கு வெப்பான்? எனக்குப் போக்கிடம் கெடையாது தம்பி.

— அதனாலதான் சொல்றேன். நீங்களே அவங்ககிட்டப் பேசுங்க.

— நாம் பேசி ஆகாது. நர்மதா சொன்னது அப்படியே நடந்திருச்சு. இனி நான் வாயத் தொறந்தா செருப்புத்தான்.

— அப்ப மறுபடியும் பூக் கேட்டுப் பாருங்க.

— ஆத்தாளை அப்படி நெனைச்சப்பல்லாம் கேக்கறதில்லைங்க. போன தடவ அவ செரின்னா, கட்டுப்பட்டோம். இப்பச் செவப்பு வந்துட்டா அதுக்கும் கட்டுப்பட்டுத்தான ஆவோணும்? எல்லாம் போயிருமே.

— செவப்பு வராதுக்கா.

— அதெப்படி அத்தனை திட்டமாச் சொல்றீங்க?

— பூசாரிகிட்ட முதலாளி முன்னாடியே பேசிருவார். போன தடவையும் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு.

— ரெண்டுலயுமா?

— ரெண்டுலயும்.

— ஆத்தா முன்னாலயே வெச்சா?

— ஆமாக்கா. என்னக்கா, எந்திரிச்சுட்டீங்க? திட்டறதுன்னா திட்டிருங்க. கதவைத் தொறக்காதீங்க, ஒரு நிமிஷம்.

— தொறக்கலை, சாத்தறேன். நர்மதா கெட்டிக்காரி தம்பி. இந்தத் தடவ மிச்சப் பொட்டலத்தையும் பிரின்னு கேப்பா. அவ கேக்கறதுக்கு முன்னாலயே அதை ஆத்துல உட்ரச் சொல்லுங்க பூசாரிய.