நகக்கீறலும் வரி அபராதமும்

காலையில் கூலிம் தொழிற்சாலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“என் பொண்டாட்டி நகக்கீறல போட்டோ புடிச்சு வரி ஆபீசுக்கு அனுப்பினேன்ணே. அபராதத்த தள்ளுபடி பண்ணிட்டாங்க!”

“கீறலுக்கும் வரிக்கும் என்ன தம்பி சம்பந்தம்?”

“வரி பாரத்த பூர்த்தி பண்ணி அனுப்ப கடைசி நாளு, அவளுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரியில என் கைய புடிச்சவ விடியற வரைக்கும் விடலண்ணே. அதான் லேட்டு. அப்படியே ஒரு சூராட், கடுதாசி எழுதி, பொறப்பு சர்டிபிகேட்டோட அனுப்பிட்டேன்.”

“பாரத்த போன்லயே அனுப்பலாம்லா? இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு?”

“ஆபீஸ்லயும் அதான் கேட்டாங்க.”

இளைஞர் சிரித்துக்கொண்டே சட்டையின் இரண்டு கைகளையும் மேலே சுருட்டிக் காட்டினார். இரண்டிலும் கீறல்.

“ரெட்டப் புள்ளைங்கண்ணே!”