பகா எண்ணுக்கு ஒரு பிளக்

மின்விசிறியை நிறுத்த வேண்டாம், சார். ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பேச்சு வரும்.

நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். வீட்டில் கணினியில் ஒரு எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இரண்டை இரண்டால் பல கோடி முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண். எழுதினால் இந்தக் காவல் நிலையத்துச் சுவர்கள் போதாது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்ணா அது என்பதுதான் கேள்வி. சோதனை எளிது. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். வரும் மீதியை மறுபடி வர்க்கப்படுத்த வேண்டும். இப்படியே கோடிக்கணக்கான படிகள். கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். நடுவில் ஒரு படி பிசகினாலும் அத்தனையும் பாழ்.

அக்கா என்னோடுதான் இருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்க மாட்டாள். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"உன் பொண்டாட்டி இன்னிக்காவது வாயத் திறந்தாளாடா?" என்று கணினியைக் காட்டிக் கேட்பாள். நானும் சிரிப்பேன். அக்கா மேல் எனக்கு உயிர், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று நடுப்பகலில் மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி பழையது. மாற்றச் சொல்லி அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். மாற்றுவதானால் கணினியை அணைக்க வேண்டும், அதனால் தள்ளிப்போட்டேன். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாமல் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஒன்றுக்குத்தான் தாங்கும். கணக்கு முடியும் தறுவாயில் இருந்தது. அக்காவின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"தம்பி, மெஷின் நின்னுடுச்சுடா."

"கரண்ட் இல்லக்கா. இப்ப வந்துடும்."

அவளுக்குக் காது கூர்மை. "உன்னோடது ஓடுதே?"

"அது வேற லைன்க்கா."

நம்பினாள். நான் சொல்லி அவள் நம்பாதது எதுவும் கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். பதறாமல் மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றேன். சொல்லவில்லை. வந்தால் முதலில் அந்த பிளக்கைத்தான் மாட்டுவார்கள். உதடு நீலம் பாய்ந்த பிறகும் என் புறங்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள், நான்தான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்து.

அடக்கம் முடிந்து வந்தபோது விடை தயாராக இருந்தது. மீதி பூஜ்யம் இல்லை. வேறு ஏதோ எண்ணால் அது வகுபடுகிறது. எதனால் என்று அந்தச் சோதனை சொல்லாது. எனக்கு ஏமாற்றம்தான், மறைப்பானேன். ஆனாலும் இனி யாரும் அந்த எண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை. அந்த வகையில் உழைப்பு வீண் போகவில்லை.

கணினி நின்றுபோயிருந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதுவே சேமித்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மிஞ்சிப் போனால் பத்து நிமிட வேலை போயிருக்கும்.

பத்து நிமிடம் என்றால் சும்மாவா, சார்?