ஒரு சாண் கயிறு

உங்கள் ஜன்னல் சட்டத்தில் சரியாகப் பொருந்தவில்லை, ஐயா. வடகாற்று அடித்தால் இப்படித்தான் தடதடக்கும். ஒரு மரச்சீவலைச் செருகினால் அடங்கிவிடும். எது ஆடினாலும் என் கை சும்மா இருக்காது.

அந்தக் கருவியும் அப்படித்தான் பிறந்தது. இந்த டோர்போலே ஏரிக்கரையில் இருபது வருடமாக விண்ட்சர்ஃபிங் பலகைகளுக்குக் காற்றுப்பாய் தைக்கிறேன். காற்று ஏறினால் பாயின் அடிக்கயிற்றை இறுக்க வேண்டும். அதற்குக் கரைக்கு வந்து, பாய்மரத்தில் காலை முட்டுக் கொடுத்து, உள்ளங்கைத் தோல் உரிய இழுக்க வேண்டும். நான் சின்னக் கப்பிகளைக் கோத்து, தண்ணீரில் ஓடிக்கொண்டே இழுக்கும்படி செய்தேன். இழுத்த கயிற்றைக் கவ்விப் பிடிக்க ஒரு பல்தாடை. ஆறு குளிர்கால உழைப்பு அது.

ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி ஈவானோவிடம் கொடுத்தேன். பந்தயக்காரன், என் பள்ளித்தோழன். அவன் அதை ஒரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். பத்திரிகையில் படமும் வந்தது. பெற்றது நான், பேர் வாங்கியது அவன்.

ஃபௌஸ்தாவின் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். தோளில் கை போட்டுச் சிரித்தான்.

"டேய் லோரிஸ், உனக்கு ஊசி நூல் போதும்டா. மூளை வேலைய எங்கிட்ட விட்டுடு. மூஞ்சியத் தூக்காத, ஒரு கிளாஸ் குடி."

கடையே சிரித்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எட்டு வருடம் அணையாமல் எரிந்தது. ஆனால் நான் கோபக்காரன் இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்த மார்ச்சில் அவனாகவே பாயும் கருவியுமாக என் பட்டறைக்கு வந்தான்.

"காத்து ஏறினா கயிறு வழுக்குதுடா. தொழிற்சாலைக்காரனுங்களுக்கு ஒரு எழவும் புரியல. உன் கை பட்டாத்தான் சரியாகும்."

"வெச்சுட்டுப் போ. காலைல வந்து வாங்கிக்க."

தாடையின் பற்களை அரத்தால் தேய்த்தேன். இளங்காற்றில் பிடிக்கும், பெருங்காற்றில் விட்டுவிடும். கயிறு நழுவினால் முடிச்சுப் போட்டுத் தப்பிப்பதற்காக நுனியில் ஒரு முழம் மிச்சம் விடுவது எங்கள் வழக்கம். அதை ஒரு சாணாக நறுக்கினேன். காலையில் வந்து பார்த்தவனிடம், நீளமாகத் தொங்கினால் தண்ணீரில் இழுபடும் என்றேன். தலையாட்டினான். பாய் விஷயத்தில் அவன் என் சொல்லைத் தட்டியதே இல்லை.

உடனே வடகாற்றில் இறங்கினான். கரையிலிருந்து ஏரிக்குள்ளே தள்ளிக்கொண்டு போகிற காற்று அது. குளிர் விடாத மாதங்களில் இங்கே தண்ணீரில் இறங்குகிறவன் தன் செருப்பை மதுக்கடைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். மத்தியானம் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தால் மீட்புப் படகு கிளம்பும். ஈவானோவின் செருப்பை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் படகுக்காரன் வந்து நின்றான். ஃபௌஸ்தா சுவரை எட்டிப் பார்த்தாள்.

"ஆணியெல்லாம் காலி. எல்லாப் பயலும் வந்தாச்சு. நீ உக்காந்து சாப்பிடு."

சுடச்சுடச் சோளக்களி வைத்தாள். அவள்மேல் தப்பில்லை. நானும் ஒரு தட்டுச் சாப்பிட்டேன்.

பிறகு மேல்சாலைக்கு ஏறித் தொலைநோக்கியை எடுத்தேன். ஏரியின் நடுவில் பாய் துவண்டு கிடந்தது. ஈவானோ பலகைமேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் அப்படிச் செய்தான். எட்டு வருடத்தில் முதல்முறையாக என்னிடம் மன்னிப்புக் கேட்டான், ஐயா. நானும் நின்ற இடத்திலேயே மனசார மன்னித்துவிட்டேன்.

அந்தக் கைகள் ஓய்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன். மன்னித்தவனைப் போய்க் கொலைகாரன் என்று எழுதுகிறீர்களே, இது நியாயமா?